கேஸில் மிச்சமிருந்த எழுத்து

(வேலூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஈய எழுத்துக் காலத்தில் உள்ளூர்ப் பத்திரிகை எப்படி அச்சானது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அழைப்பிதழில் 'சூடான உலோகத்தின் காலம்' என்று அழகாகப் போட்டிருக்கிறது. புரூஃப் பார்த்துப் பழகிய கை எதையும் திருத்தாமல் விடாது. அதனால் முதலில் ஒரு திருத்தம். வேலூரில் உலோகம் சூடாக இருந்ததே இல்லை. சூடெல்லாம் சென்னையில். இங்கே பார்சலில் வந்தது ஆறிப்போன ஈயம். நம் ஊரில் சூடாக இருந்தது வெயில் மட்டும்தான். அந்த வெயில் எங்கள் ரோலரை என்ன பாடு படுத்தியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சென்னைச் சூட்டை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறேன். ஆட்மர் மெர்கன்தேலர் என்ற ஜெர்மானியர் அமெரிக்காவில் உருவாக்கிய லைனோடைப் யந்திரம் 1886இல் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் முதன்முதலாக வேலைக்கு வந்தது. ஆபரேட்டர் கட்டையைத் தட்டத் தட்டப் பித்தளை வார்ப்பச்சுகள் ஒவ்வொன்றாக இறங்கி வரிசையில் நிற்கும். வரி நிறைந்ததும் யந்திரத்தோடு ஒட்டிய பானையிலிருந்து உருகிய உலோகம் அவற்றின் மேல் பாயும். முழு வரியும் ஒரே கட்டியாக வார்க்கப்பட்டு வெளியே விழும். அப்போது தொட்டால் கை சுடும். நூற்றுக்கு 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம் என்பது ஒரு வழக்கமான கலவை. ஆன்டிமனி சேர்ந்தால் எழுத்து கெட்டிப்படும், ஆறும்போது அதிகம் சுருங்காது. வெள்ளீயம் சேர்ந்தால் உலோகம் மூலை முடுக்கெல்லாம் ஓடிப் பாயும். பானைச் சூடு சுமார் 280 டிகிரி. மோனோடைப் என்று இன்னொன்று உண்டு. அது வரியாக வார்க்காது, எழுத்தெழுத்தாக வார்க்கும். இதெல்லாம் பெரிய தினசரிகளுக்கு.

ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் வாசனை அடிக்கிற நம் ஊர்களில் இருந்தவை சின்ன அச்சகங்கள். டைப் ஃபவுண்டரியில் வார்த்த எழுத்தைக் கிலோக் கணக்கில் வாங்கிவந்து, கையால் கோத்து, அச்சடித்து, கலைத்து, மறுபடியும் கோப்பதுதான் அவற்றின் வேலை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும்தான் வந்தது. நம் பக்கத்துத் தோல் அந்த ரயில்பாதையில் மெட்ராஸுக்குப் போனது, மெட்ராஸிலிருந்து ஈயமும் காகிதமும் அதே பாதையில் வந்தன.

நான் 1968இல் லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் புரூஃப் படிக்கச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். நடத்தியவரின் பேரப்பிள்ளைகள் இதே ஊரில் இருக்கிறார்கள், நான் சொல்லப்போவதில் எல்லாமே பெருமைக்குரியது இல்லை. அங்கிருந்து வெள்ளிக்கிழமைதோறும் நாலு பக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகை வந்தது. ஆசிரியர் ஒருவர், கம்பாசிட்டர்கள் இரண்டு பேர், டிரெடில் என்ற மிதி அச்சு யந்திரத்தை ஓட்ட ஒரு பாய், எடுபிடிக்கு ஒரு பையன், அப்புறம் நான். தலைமைக் கம்பாசிட்டரை எல்லோரும் 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். முதலாளியும் அப்படித்தான். பத்திரிகையில் ஆசிரியர் பெயர் அச்சாகும். ஆனால் அதில் என்ன வரும், என்ன வராது என்பதில் பாதியை முடிவு செய்தவர் நைனா. நைனாவுக்கு அதை முடிவு செய்து கொடுத்தது கேஸ். இன்றைக்கு நான் சொல்ல வந்தது அதைத்தான்.

கேஸ் என்பது சரிவாகச் சாய்த்துவைத்த ஆழமில்லாத மரத் தட்டு. உள்ளே சின்னதும் பெரிதுமாக அறைகள். அரிச்சுவடியில் 247 எழுத்து. கேஸில் அத்தனை வேண்டாம். 'கா' என்று தனியாக ஒரு எழுத்து எதற்கு, க பக்கத்தில் ஒரு கால் போட்டால் போதும். கெ, கே, கை எல்லாம் அந்தந்தக் கொம்பைப் போட்டு ஒப்பேற்றலாம். ஆனால் க, க், கி, கீ, கு, கூ என்ற ஆறும் தனித்தனி. பதினெட்டு மெய்க்கும் ஆறாறு என்றால் 108. அதோடு உயிரெழுத்து, ஆய்தம், கால், கொம்புகள். அந்தக் காலத்துப் பழைய வடிவத்தில் ணா, றா, னா மூன்றும் சுழித்துக்கொண்டு ஒற்றை எழுத்தாக நிற்கும். ணை, லை, ளை, னை நாலும் மேலே தும்பிக்கை தூக்கிக்கொண்டு நிற்கும். அவற்றுக்குத் தனி அறை. ஜ, ஷ, ஸ, ஹ குடும்பத்துக்குத் தனி அறை. எண், புள்ளி, இடைவெளிக் கட்டை எல்லாம் சேர்த்தால் நூற்றைம்பதைத் தாண்டிப் போகும். எந்த அறையில் என்ன இருக்கிறது என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்காது. நைனா கேஸைப் பார்க்கவே மாட்டார். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், வலது கை தானாகப் போய் எடுத்துவரும். இடது கையிலிருக்கும் ஸ்டிக் என்ற கோக்கும் சட்டத்தில் எழுத்துகள் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல வரிசைப்படும். கட்டைவிரல் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டே நகரும்.

தமிழ் கோப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. வரியின் கடைசியில் சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம், இங்கிலீஷ் போல நடுக்கோடு போட வேண்டியதில்லை. ஆனால் அடுத்த வரி புள்ளியெழுத்தில் தொடங்கக் கூடாது, காலில் தொடங்கவே கூடாது. கால் வரித் தொடக்கத்தில் வந்து நின்றால் அதை 'ர' என்று படித்துவிடுவார்கள். அச்சில் இரண்டும் ஒரே முகம்தான். இந்த ஒரே முகம் பல இக்கட்டுகளில் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. கால் தீர்ந்துபோனால் ர அறையில் கை வைப்போம். வாசகருக்கு அது தெரியவே தெரியாது.

ஆனால் ஹ தீர்ந்துபோனால் கை வைக்க வேறு அறை கிடையாது.

ஃபவுண்டரிக்காரர்கள் எழுத்து அனுப்பும்போது ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். க இவ்வளவு, ம் இவ்வளவு, து இவ்வளவு என்று பொதுவாகத் தமிழில் எது அதிகம் புழங்குமோ அந்த விகிதம். தஞ்சாவூருக்கும் திருநெல்வேலிக்கும் அது சரியாக இருந்திருக்கலாம். நம் பக்கத்துக்குச் சரிப்படவில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் மண்டிக்காரர்கள், பள்ளிக்கூடக் கமிட்டிக்காரர்கள், பஞ்சாயத்து பேசுகிறவர்கள் என்று செய்தியில் வருகிற பாதிப் பேர் முஸ்லிம்கள். ஹாஜி, ஜமாஅத், மஸ்ஜித், ஸாஹிப் என்று எங்கள் பத்தியில் கிரந்த எழுத்து வழிந்தது. கேஸில் ஒரு கைப்பிடிகூட இராது.

நான் சேர்ந்த புதிதில் ஹஜ் யாத்திரை போகிறவர்களை வழியனுப்பும் செய்தி ஒன்று பெயர்ப் பட்டியலோடு வந்தது. ஒருவர் பெயரிலேயே ஹ இரண்டு மூன்று தடவை வரும். நைனா பாதி கோத்துவிட்டு ஸ்டிக்கைக் கீழே வைத்தார். "இந்த வாரம் எட்டு ஹாஜிக்கு மேல தாங்காதுபா" என்றார். ஆசிரியர் கெஞ்சிப் பார்த்தார். மற்றப் பக்கங்களில் உள்ள ஹவை எல்லாம் பிடுங்கினால் இன்னும் இரண்டு பேருக்கு வரும், ஆனால் நகராட்சி ஏலச் செய்தியில் ஓட்டை விழும். எட்டோடு நின்றது. மற்றவர்கள் அடுத்த வாரம்.

ஒன்பதாவது ஹாஜி சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். ஆம்பூர்க்காரர், மெட்ராஸ் பெரியமேட்டுக்குத் தோல் போடுகிறவர். தன்னை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்ற கோபம். நைனா ஒன்றும் பேசாமல் அவரைக் கேஸ் பக்கம் கூட்டிப்போய்க் காலி அறையைக் காட்டினார். "இதான் பாய் ஹ. பாத்துக்குங்க." அவர் குனிந்து பார்த்தார், விரலை விட்டுத் துழாவினார், சிரித்துவிட்டுப் போய்விட்டார். யாத்திரைக்கு முன்னால் பெரியமேடு போனவர், திரும்பும்போது ஃபவுண்டரியில் அரைக் கிலோ ஹ வாங்கி ஒரு துணிப்பையில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். பத்திரிகைக்கு ஊர்க்காரர்கள் சந்தா கட்டுவார்கள், விளம்பரம் தருவார்கள். எழுத்து வாங்கிக் கொடுத்த வாசகரை நான் அதற்குப் பிறகு கேள்விப்பட்டதில்லை.

எங்கள் பத்திரிகை ஏன் வாரப் பத்திரிகை? தினம் போடுகிற அளவுக்கு வேலூரில் செய்தி இல்லையா? நிறைய இருந்தது. ஈயம்தான் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு மூன்று பத்தி, பத்திக்கு அறுபது வரி, வரிக்கு இருபத்திரண்டு எழுத்து என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு 3,960 எழுத்து. நாலு பக்கத்துக்கு ஏறக்குறைய 16,000. திருத்தம், பக்கக் கட்டு எல்லாம் சேர்த்து மணிக்கு ஆயிரம் எழுத்து என்பது ஒரு கைக்கு நல்ல வேகம். பதினாறு மணி நேரம் ஆயிற்றா? அச்சடித்து முடித்த பிறகு அந்தப் பதினாறாயிரத்தையும் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒவ்வொன்றாகப் படித்து, அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். போடாவிட்டால் அடுத்த இதழுக்கு எழுத்து இல்லை. ஒரு எழுத்து தப்பான அறையில் விழுந்தால் அடுத்த வாரம் தப்பான சொல்லில் முளைக்கும். இதற்கு நடுவில் கல்யாணப் பத்திரிகை, தோல் பதனிடும் டேனரிகளின் பில் புக்கு, சினிமாக் கொட்டகை நோட்டீஸ். அச்சகத்துக்குச் சோறு போட்டவை அவைதான், பத்திரிகை அல்ல. வெள்ளிக்கிழமைச் செய்தி சனி, ஞாயிறில் கலைந்து அறைக்குப் போய், திங்கட்கிழமை மாமியார் வீட்டு அழைப்பாக எழுந்து வரும்.

பக்கக் கட்டு என்றேனே, அது கல்லின் மேல் நடக்கும். பிற்பாடு இரும்புப் பலகை வந்தும் 'கல்' என்றே பெயர். 'கேலி' என்ற தட்டில் கோத்து வைத்த மேட்டரைப் பத்தி பத்தியாகக் கல்லில் இறக்கி, நடுவே பித்தளை ரூல் நிறுத்தி, சுற்றி இரும்புச் சட்டம் போட்டு, மரக்கட்டையும் ஆப்பும் வைத்து முடுக்குவார்கள். முடுக்கிய பக்கம் இருபது கிலோ கனக்கும். அதை அப்படியே தூக்கினால் ஒரு எழுத்தும் உதிரக் கூடாது. உதிர்ந்தால் அதற்குப் 'பை' என்று பெயர். ஒரு வியாழக்கிழமை ராத்திரி மூன்றாம் பக்கத்தைத் தூக்கிய பையன் வாசற்படியில் இடறினான். நாலாயிரம் எழுத்து சிமெண்டுத் தரையில் சிதறிய சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மூட்டை உளுந்து கொட்டினாற்போல. யாரும் திட்டவில்லை. நைனா பீடியைப் பற்றவைத்தார், பாய் டிரெடிலை நிறுத்தினார், எல்லோரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம். விடியற்காலையில் மூன்றாம் பக்கத்தில் பாதிக்கு ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் வந்து உட்கார்ந்தது. ஒரு வருஷத்துக்கு முந்தைய தீபாவளி விளம்பரம், கலைக்காமல் கயிறு கட்டி வைத்திருந்தது. கடைக்காரருக்கு இலவசம். அவர் கேட்கவே இல்லை, சந்தோஷம்தான் பட்டார்.

படங்களும் இப்படித்தான். புகைப்படம் போட வேண்டுமென்றால் துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுக்க வேண்டும், அதற்கு மெட்ராஸ் போகவேண்டும். அதனால் ஒரு பிளாக் வாங்கினால் அது ஆயுசுக்கும். 1954இல் முதலமைச்சரான காமராசர் சட்டமன்றத்துக்கு நின்றது நம் குடியாத்தம் இடைத்தேர்தலில். அப்போது வாங்கிய பிளாக் ஒன்று எங்கள் டிராயரில் இருந்தது. முதலமைச்சராக இருந்தவரைக்கும், அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரான பிறகும், தேர்தலில் தோற்ற போதும் அதே படம். 1975 அக்டோபர் 2ஆம் தேதி அவர் மறைந்த போது போட்டதும் அதே படம்தான். இருபத்தொரு வருஷத்தில் எங்கள் காமராசருக்கு ஒரு முடி நரைக்கவில்லை.

இப்போது முதலமைச்சர் அண்ணா மறைந்த நாளின் கதைக்கு வருகிறேன். 1969 பிப்ரவரி 3, திங்கட்கிழமை. நள்ளிரவு தாண்டி அவர் உயிர் பிரிந்தது. விடியும்போது டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு நான் நேராக அச்சகத்துக்கு ஓடினேன். நைனா எனக்கு முன்னால் வந்து விளக்கைப் போட்டிருந்தார். அவர் கதர் கட்டுகிற பழைய காங்கிரஸ்காரர். 1967இல் ஓட்டு எண்ணி அண்ணா கட்சி ஜெயித்த அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தவர். ஆனால் அன்று காலையில் யாரும் சொல்லாமலே தனித்தாள் ஒன்றுக்குக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கருப்புக் கரை போட வேண்டும். அதற்குத் தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். பத்திகளுக்கு நடுவே நிற்கும் பித்தளை ரூலுக்கு மேல் விளிம்பு மெல்லிசு, அடிப்பக்கம் தடிப்பு. தலைகீழாகத் திருப்பி நிறுத்தினால் தடித்த கருப்புக் கோடு விழும். சாவுச் செய்திக்கு உலகமெங்கும் அச்சுக்காரர்கள் செய்தது அதுதான். ரூலை நான் திருப்பினேன். நைனா போஸ்டருக்கான பெரிய மர எழுத்துப் பெட்டியைத் திறந்தார். தலைப்பு 'அண்ணா மறைந்தார்'. அ கிடைத்தது, ண் கிடைத்தது. ணா?

பழைய சுழித்த ணா. பெட்டியில் ஒன்றே ஒன்று. அதன் வால் பக்கம் பிளந்து, பாதியைக் கரையான் தின்றிருந்தது. நைனா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே சந்து முழுக்க ஆள். இந்தப் பெயருக்கு வேறு எழுத்தும் கிடையாது, சுற்றிவளைத்து எழுதவும் முடியாது.

பெரியார் 1935லேயே 'குடி அரசு' பத்திரிகையில் இந்தச் சுழித்த எழுத்துகளை எல்லாம் விட்டுவிட்டு ண பக்கத்தில் கால் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். 'விடுதலை'யும் அப்படித்தான் வரும். அந்தப் பேப்பர் அச்சகத்துக்கு வந்தால் நைனா தூர நீட்டிப் பிடித்து, "இன்னாபா, எழுத்து வாங்கக் காசில்லையா இவங்களுக்கு" என்பார். அன்றைக்கு அவர் ஒரு ண எடுத்து நிறுத்தினார். பக்கத்தில் கால். பெரிய பெட்டியில் கால் ஒன்றுதான் இருந்தது, 'தார்' என்பதற்கு இன்னொன்று வேண்டும். அதற்கு ரவை நிறுத்தினார். ஒன்பது மணிக்குள் தாள் வெளியே போய்விட்டது.

மறுநாள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தாளோடு வந்தார். "அண்ணா பேரையே தப்பா போட்டுட்டீங்களே" என்றார். கண் கலங்கியிருந்தது. நைனா எழுந்து நின்று, "ஐயா, எழுத்து ஒடஞ்சி போச்சு" என்று மட்டும் சொன்னார். 1978 அக்டோபரில், பெரியார் நூற்றாண்டையொட்டி எம்.ஜி.ஆர். அரசு சீர்திருத்த எழுத்துக்கு ஆணை போட்டது. ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை என்று பதின்மூன்றும் இன்று நீங்கள் எழுதும் வடிவத்துக்கு வந்தன. அன்று சாயங்காலம் நைனா என்னிடம் சொன்னார்: "பாத்தியா தம்பி, நான் ஒம்பது வருசம் முந்திக்கினேன்." கேஸில் ஏழு அறை காலியானது. அதில் ஒன்றில் அவர் பீடிக்கட்டை வைத்துக்கொண்டார்.

ரோலருக்கு வருகிறேன் என்றேன். மை தடவும் ரோலர் ரப்பர் இல்லை, அந்தக் காலத்துச் சின்ன டிரெடிலில். வஜ்ஜிரத்தையும் வெல்லப்பாகையும் சேர்த்துக் காய்ச்சி, கொஞ்சம் கிளிசரின் விட்டு, இரும்புக் குழாயில் ஊற்றி வார்த்தது. வஜ்ஜிரம் எதிலிருந்து வருகிறது? டேனரியில் தோலைச் சீவும்போது விழுகிற சவ்விலிருந்தும் ஓரத் துண்டுகளிலிருந்தும். ஆக, ஆவாரம் பட்டைத் தொட்டியில் ஊறாமல் கழிந்துபோன தோல்தான் எங்கள் பத்திரிகைக்கு மை பூசியது. அதற்கு முந்தைய காலத்தில் ஐரோப்பாவில் நேராகத் தோலையே பயன்படுத்தினார்கள். ஆட்டுத்தோலில் கம்பளி மயிரைத் திணித்துப் பந்தாகக் கட்டி, அதில் மை தொட்டு ஒற்றுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில்தான் ரோலர் வந்தது. ஆம்பூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் அச்சுத் தொழிலே தங்கள் தயவில் நடந்தது என்பார்கள். நான் மறுக்கமாட்டேன்.

வெல்லமும் தோலும் சேர்ந்தது வேலூர் மே மாதத்தில் என்ன ஆகும்? வெயில் நாற்பதைத் தாண்டினால் ரோலர் இளகிப் பிசுபிசுக்கும். எழுத்தில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். கத்திரி முடியும்வரை பாய் ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் டிரெடிலில் ஏறுவார். ஒரு தடவைக்கு ஒரு பக்கம், ஆயிரம் பிரதிக்கு நாலாயிரம் அடி. மணிக்கு எண்ணூறு என்றால் ஐந்து மணி நேரம், விடிந்துவிடும். ரோலரைக் கழற்றினால் பெட்டியில் பூட்டி வைப்பார். எலிக்கு அது அல்வா. நான் கதை விடவில்லை, பல்லுப் பட்ட இடம் ஒவ்வொரு பிரதியிலும் வெள்ளைத் திட்டாக விழுந்த இதழ் ஒன்று என் வீட்டில் இருக்கிறது.

இத்தனை ஈயக் கதைக்கு நடுவே, இதே தோல் ஊர்களில் ஈயமே படாத ஒரு பத்திரிகையையும் படித்தார்கள். டேனரி ஆபீஸ்களில் தமிழ்ப் பேப்பருக்குப் பக்கத்தில் உருதுப் பேப்பர் கிடக்கும். சென்னை திருவல்லிக்கேணியிலிருந்து வரும் 'முசல்மான்'. 1927இல் சையத் அஸ்மத்துல்லா தொடங்கியது. சென்னைக் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் அன்சாரிதான் தொடங்கி வைத்தவர். நாலு பக்கமும் கையெழுத்து. காத்திப் எனப்படும் எழுத்துக் கலைஞர்கள் நாணல் பேனாவால் எழுத, அதிலிருந்து அச்சுத் தகடு. உருதுவின் நஸ்தலீக் எழுத்து மேலிருந்து கீழாகச் சரிந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறங்கும். அதைத் துண்டு துண்டாக ஈயத்தில் வார்த்து நேர்க்கோட்டில் நிறுத்த முயன்றவர்களுக்கு அது பிடிகொடுக்கவில்லை. 1981இல் கணினியில் நூரி நஸ்தலீக் வந்து, பாகிஸ்தானின் 'ஜங்' நாளிதழ் அதற்கு மாறியது. முசல்மான் மட்டும் அதற்குப் பிறகும் கையாலேயே எழுதப்பட்டு வந்தது.

எங்கள் பாய் டீ குடிக்கும்போது அதைப் படிப்பார். முதல் பக்க மூலையில் கடைசி நேரச் செய்திக்கு இடம் விட்டுவைப்பார்களாம். "அங்க ஹ தீந்தா இன்னொரு ஹ எழுதிக்குவாங்க" என்று நைனாவைச் சீண்டுவார். நைனாவுக்கு அதில் உண்மையாகவே பொறாமை.

இதுவரைக்கும் நான் சொன்னதைக் கேட்டால் எங்கள் பத்திரிகையில் வராததெல்லாம் எழுத்துப் பஞ்சத்தால் வராதது என்று தோன்றும். அப்படி நினைத்துவிடாதீர்கள். அப்போது நடைமுறையில் இருந்த 1867ஆம் வருஷத்துச் சட்டப்படி அச்சடிப்பவர், வெளியிடுபவர் பெயரும் இடமும் ஒவ்வொரு இதழிலும் இருக்க வேண்டும், மாஜிஸ்திரேட் முன்னால் டிக்ளரேஷனும் கொடுத்திருக்க வேண்டியிருந்தது. 1956க்குப் பிறகு வருஷா வருஷம் பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் உரிமையாளர் விவரத்தைப் படிவம் 4 என்று போட வேண்டியிருந்தது. இதையெல்லாம் தவறாமல் போட்டோம். யாருக்குச் சொந்தம் என்று போட்டோம். யாரை நம்பிப் பிழைக்கிறது என்று போட எந்தப் படிவத்திலும் இடமில்லை. டேனரி பில் புக்கு, டேனரி லேபிள், டேனரி முதலாளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, இவைதான் எங்கள் சம்பளம்.

1973இல் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டபோது முதல் பக்கம் முழுக்க அதுதான். நியாயம், ஊரின் பிழைப்பு அது. அதே வருஷங்களில் டேனரிக் கழிவு கலந்து பாலாற்றங்கரைக் கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரித்தது, நிறம் மாறியது, தென்னை காய்ந்தது. விவசாயிகள் அச்சகத்துக்கே வந்து சொன்னார்கள். பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து மேஜைமேல் வைத்த ஒருவரை எனக்கு நினைவிருக்கிறது. ஆசிரியர் குறித்துக்கொண்டார். வரவில்லை. ஒரு தடவை நானே எட்டு வரி எழுதி, நைனா கோத்தும் வைத்தார். கல்லில் இருந்து அதை எடுத்துவிட்டு ஒரு குறள் போட்டார்கள். பாலாறு என்று கோக்க ஐந்து எழுத்து வேண்டும். ஐந்துக்கும் கேஸில் பஞ்சமே இல்லை. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி டேனரிக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிற தீர்ப்பு. அன்றைக்கு எங்கள் பத்திரிகை இல்லை. இருந்திருந்தால் போட்டிருப்போமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஊருக்கு டேனரிக் கழிவின் குரோமியம் என்றால் எங்களுக்கு ஈயம். விரலில் ஈயக் கறை இருக்கும், அதே விரலால் வடை தின்போம். நைனாவுக்கு ஈறு ஓரத்தில் நீலக்கோடு ஒன்று இருந்தது. உடம்பில் ஈயம் ஏறியதற்கு அது அடையாளம் என்று டாக்டர்கள் 1840களிலிருந்தே அறிவார்கள். எங்களுக்கு அது தெரியாது. வெற்றிலைக் கறை என்று நினைத்தோம். முதலாளி தினமும் ஆளுக்கொரு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் கொடுத்தார். பால் ஈயத்தை முறிக்கும் என்பது எல்லா அச்சகத்திலும் இருந்த நம்பிக்கை. முறிக்காது. ஆனால் பால் நல்ல பால்.

எண்பதுகளின் கடைசியில் ஆஃப்செட்டும், பின்னாலேயே கம்ப்யூட்டரும் வந்தன. பத்திரிகை நின்றது. எழுத்தைக் கிலோவுக்கு இவ்வளவு என்று பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டார். கேஸுகளை விறகு விலைக்குப் போட்டார்கள். ஹாஜி கொடுத்த அந்த ஹவும் மற்றதோடு மூட்டையில் போயிற்று.

நாலைந்து வருஷத்துக்கு முன் ஆம்பூரில் பேத்திக்குச் செருப்பு வாங்கப் போனேன். ஷூ கம்பெனிகளுக்கு மேல்பாகம் தைத்துக் கொடுக்கிற ஒரு வீட்டு ஒர்க் ஷாப்பில்தான் மலிவு என்று கூட்டிப் போனார்கள். சுவரில் சாய்த்து ஒரு கேஸ். அறைகளில் ஐலெட், ரிவெட், பக்கிள், நூல்கண்டு. தையல் மெஷினில் இருந்த பையனிடம் எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். "எங்க தாதா வாங்கிப் போட்டது, எதுக்குன்னு தெரியல" என்றான். எழுத்து வைக்கிற பெட்டி, தம்பி என்று சொல்லி, இது க, இது ம், இது து என்று விரல் வைத்துக் காட்டினேன். அவன் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தான்.

"ஏன் தாத்தா ஒண்ணு பெருசா, ஒண்ணு சின்னதா கீது?"

எது அதிகம் வேணுமோ அதுக்குப் பெரிய அறை, என்றேன்.

"நானும் அப்படித்தான் போட்டு வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, க அறையிலிருந்து ஒரு பிடி ஐலெட்டை அள்ளிக்கொண்டு மெஷினுக்குத் திரும்பினான்.